தேவனுடைய ஆளுகையும் மனிதனுடைய சித்தமும்: தொடக்க நிலையில் ஒரு விளக்கம்

அப்போஸ்தலர் நடபடிகளின் 27-ஆம் அதிகாரத்தில் ஒரு கப்பற்பயணம் வருகிறது. கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுசெல்லப்படும் பவுலையும் சேர்த்து அந்தக் கப்பலில் 276 பேர் இருக்கிறார்கள். பல நாள்களாகச் சூரியனும் நட்சத்திரங்களும் கண்ணில் படாத புயலில், பிழைப்போம் என்ற நம்பிக்கை எல்லாருக்கும் அற்றுப்போன நேரத்தில், பவுல் எழுந்து நின்று, கப்பல் சேதமாகுமே தவிர ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் தமக்கு அறிவித்ததாகச் சொல்கிறார். பதினான்காம் இரவில் கரை நெருங்குவதை மாலுமிகள் உணர்ந்து ஆழத்தை அளக்கிறார்கள். முதலில் 20 பாகம் (பாகம் என்பது கடலாழத்தை அளக்கும் அலகு), சற்றுத் தூரம் போனபின் 15 பாகம். பாறையில் மோதிவிடுமோ என்று பயந்து கப்பலின் பின்பக்கமான பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களைப் போட்டுவிட்டு விடியலுக்குக் காத்திருக்கிறார்கள். அந்த இருட்டில் மாலுமிகள், முன்னணியத்திலிருந்தும் நங்கூரம் போடப்போவதுபோல் பாசாங்கு செய்து, படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பிக்கப் பார்க்கிறார்கள். அதைக் கண்ட பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார்: "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்." உடனே சேவகர்கள் படகின் கயிறுகளை அறுத்து அதைக் கடலில் விழவிடுகிறார்கள்.

ஒருவரும் சாகமாட்டார்கள் என்று தேவன் உறுதி சொல்லிவிட்டார் என்றால், மாலுமிகள் போனால் என்ன, இருந்தால் என்ன? அவர்கள் போனால் மற்றவர்கள் பிழைக்கமாட்டார்கள் என்பது உண்மையானால், முதலில் சொன்ன உறுதியை உறுதி என்று எப்படிச் சொல்வது? பவுலோ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். அவருக்கு அதில் இடறல் இருப்பதாகத் தெரியவில்லை. அவர் இடறாத அந்த இடத்தில்தான் திருச்சபை ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக நின்று விவாதித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தேவனுடைய இறையாண்மை, அல்லது சர்வ ஆளுகை, என்பது அவர் எல்லாவற்றையும் படைத்தார் என்பதோடு நிற்காமல், படைத்ததைத் தாங்கி, நடத்தி, தாம் நினைத்த முடிவுக்குக் கொண்டுசேர்க்கிறார் என்ற நம்பிக்கை. கத்தோலிக்கர் இதையே இறைப் பராமரிப்பு என்றும் சொல்வார்கள். ஒரு காசுக்கு விற்கப்படும் இரண்டு குருவிகளில் ஒன்றுகூடப் பிதாவின் சித்தமில்லாமல் தரையில் விழாது என்று இயேசு சொன்னது இந்த ஆளுகை எவ்வளவு சிறிய செய்திவரை எட்டுகிறது என்பதைக் காட்டுகிறது. மனிதனுடைய சுயாதீன சித்தம் என்பது, அவன் செய்வதை அவனே தெரிந்து, விரும்பிச் செய்கிறான், ஆகவே அதற்கு அவனே பொறுப்பாளி என்ற நம்பிக்கை. "ஜீவனையும் மரணத்தையும் உனக்கு முன் வைத்தேன், ஜீவனைத் தெரிந்துகொள்" என்ற பொருளில் மோசே இஸ்ரவேலரிடம் பேசும்போது, தெரிந்துகொள்ளும் திறன் அவர்களிடம் இருப்பதாக எடுத்துக்கொண்டே பேசுகிறார்.

இங்கே தமிழில் சிந்திப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இறையாண்மை என்றதும் நம் காதில் 'விதி', 'தலையெழுத்து' என்ற சொற்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. விதி என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது யார் என்ன செய்தாலும் வந்தே தீரும் ஒன்றை; அதற்கு முகம் இல்லை, அதனிடம் மன்றாடவும் முடியாது. கிறிஸ்தவ நம்பிக்கையில் ஆளுகை செய்பவர் ஓர் ஆள்; அவரைப் 'பிதாவே' என்று கூப்பிட்டு வேண்டிக்கொள்ளலாம்; அவர் தீர்மானித்தவை மனிதருடைய செயல்களைத் தாண்டிக் குதித்து நடப்பதில்லை, அந்தச் செயல்களின் வழியாகவே நடக்கின்றன. படகின் கயிறு தானாக அறுந்து விழவில்லை. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டவர் பிறகு எந்தச் சபையின் விளக்கத்தைப் படித்தாலும் அதை விதியின் இன்னொரு பெயராகவே புரிந்துகொள்வார்.

ஒரே செயலுக்கு இரண்டு எழுவாய்

வேதாகமம் இந்தப் பொருளைத் தத்துவமாக எங்கும் விளக்குவதில்லை. கதைகளாகச் சொல்கிறது, அந்தக் கதைகளில் ஒரே செயலுக்கு இரண்டு எழுவாய்கள் வந்து நிற்கின்றன. மிகத் தெளிவானது யோசேப்பின் கதை. பதினேழு வயதில், சொந்தச் சகோதரர்களால் 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டு எகிப்துக்குப் போன யோசேப்பு, பல ஆண்டுகளுக்குப் பின் அந்த நாட்டின் அதிகாரியாக இருந்து, பஞ்சத்தில் வந்து நிற்கும் அதே சகோதரர்களிடம் சொல்கிறார்: "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ... அதை நன்மையாக முடியப்பண்ணினார்." நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'நினைத்தீர்கள்', 'முடியப்பண்ணினார்' என்று இரண்டு வினைச்சொற்கள் வருவதால், சகோதரர்கள் செய்து கெடுத்ததைத் தேவன் பிறகு வந்து சரிசெய்தார் என்று தோன்றக்கூடும். எபிரெய மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான் இருக்கிறது. நீங்கள் தீமையாக நினைத்தீர்கள், தேவன் நன்மையாக நினைத்தார். விற்றல் என்ற ஒரே செயலுக்குள் இரண்டு நோக்கங்கள். ஒன்று பொறாமையிலிருந்து வந்தது, மற்றது காக்கும் எண்ணத்திலிருந்து வந்தது. தேவனுடைய நோக்கம் இருந்ததால் சகோதரர்களின் குற்றம் குறைந்துவிட்டதாக யோசேப்பு சொல்லவில்லை. அவர்கள் குற்றம் செய்ததால் தேவனுடைய திட்டம் தடைப்பட்டதாகவும் சொல்லவில்லை.

எருசலேமில் பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பேசும்போதும் இதே அமைப்பு வருகிறது. தேவன் நிர்ணயித்த ஆலோசனையின்படியும் முன்னறிவின்படியும் ஒப்புக்கொடுக்கப்பட்ட இயேசுவை, நீங்கள் அக்கிரமக்காரருடைய கைகளினாலே கொலைசெய்தீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடிக்கிறார். சிலுவையைத் தேவனுடைய திட்டம் என்று சொல்லாவிட்டால் கிறிஸ்தவ நற்செய்தியே இல்லை. அதை மனிதர் செய்த கொலை என்று சொல்லாவிட்டால் பேதுரு மனந்திரும்பச் சொல்வதற்குப் பொருளே இல்லை.

பார்வோனின் கதை இவ்வளவு எளிதாக அடங்குவதில்லை. தொடக்கநிலை வாசகர்கள் பெரும்பாலும் முதலில் முட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். யாத்திராகமத்தை நிதானமாக வாசித்தால் அங்கே மூன்று விதமான சொல்முறைகள் கலந்திருப்பது தெரியும்: பார்வோனின் இருதயம் கடினப்பட்டது, பார்வோன் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான், கர்த்தர் பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தினார். வாதைகளின் போக்கில், கர்த்தர் கடினப்படுத்தினார் என்று வெளிப்படையாக முதன்முறை வருவது ஆறாவது வாதையான கொப்புளங்களுக்குப் பிறகு. அதற்குமுன் தவளைகள் ஒழிந்தபோதும் வண்டுகள் நீங்கியபோதும், நெருக்கடி தீர்ந்ததும் மனத்தை இறுக்கிக்கொண்டவன் அவனே. இதைக் காட்டி, அவன் தானே தெரிந்துகொண்ட பாதையில் அவனைத் தேவன் விட்டுவிட்டார் என்று ஒரு சாரார் விளக்குகிறார்கள். ஆனால் வாதைகள் தொடங்குவதற்கு முன்பே, நான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன் என்று மோசேயிடம் கர்த்தர் சொல்லிவிட்டதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. ஏழாவது வாதையான கல்மழைக்குப் பின் மறுபடியும் 'அவன் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான்' என்று வருகிறது. வரிசையை வைத்து ஒரு பக்கத்துக்கு முழு வெற்றி தேடித்தர இந்தப் பகுதி இடம் கொடுப்பதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரு செயலுக்கு இரண்டு பேரைச் சொல்வது எப்படி முரணாகாமல் இருக்கும்? பள்ளியில் படித்த தமிழ் இலக்கணம் இதற்குக் கைகொடுக்கும். ஒரு வினைக்குரிய கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என்று நம் இலக்கணம் இரண்டாகப் பிரிக்கிறது. அரசன் மாளிகை கட்டினான் என்பதும் சரி, தச்சன் மாளிகை கட்டினான் என்பதும் சரி. சாலொமோன் ஆலயத்தைக் கட்டி முடித்தான் என்று இராஜாக்களின் புத்தகம் சொல்கிறது. கல்லை வெட்டியவர்களும் மரத்தைச் செதுக்கியவர்களும் வேறு என்று அதே புத்தகம் அதற்கு முந்திய அதிகாரத்தில் சொல்கிறது. இங்கே அரசனுக்கு அறுபது பங்கு, தச்சனுக்கு நாற்பது பங்கு என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. இருவருக்கும் முழு வினையும் உரியது, வெவ்வேறு நிலையில். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தேவனை முதற்காரணர் என்றும், படைக்கப்பட்டவற்றை இரண்டாம் நிலைக் காரணங்கள் என்றும் பிரித்துப் பேசியதை விளங்கிக்கொள்ள இந்த இலக்கணப் பாகுபாடு ஒரு வாசற்படி.

வாசற்படி மட்டுமே. அரசன் வெளியில் நின்று ஆணையிடுகிறான். தச்சன் உயிரோடிருப்பதற்கு அரசன் காரணமில்லை. தேவனோ மனிதனையும் அவன் விரும்பும் ஆற்றலையும் கணந்தோறும் இருக்கச்செய்கிறவர் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. அரசன் ஏவியதால் தச்சன் செய்தான் என்பதைப் பாவத்துக்குப் பொருத்தினால், பாவத்தை ஏவினவர் தேவன் என்று ஆகிவிடும். அதை எந்தச் சபையும் ஏற்பதில்லை. ஆனால் ஒரு பயன் இதில் உறுதியாகக் கிடைக்கிறது: தேவனுக்கு எவ்வளவு பங்கு, மனிதனுக்கு எவ்வளவு பங்கு என்று விழுக்காடு பிரிப்பதே இந்தப் பொருளில் முதல் தவறு. ஒருவர் கூடினால் மற்றவர் குறையவேண்டும் என்பது ஒரே தளத்தில் நிற்கும் இருவருக்குத்தான் பொருந்தும்.

அகுஸ்தீனும் பெலாகியுவும்

இது தத்துவ வாதமாக வெடித்தது ஒரு ஜெபத்திலிருந்து. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகுஸ்தீன் (354–430), தம் வாழ்க்கைக் குறிப்பில், "நீர் கட்டளையிடுவதைத் தாரும், நீர் விரும்புவதைக் கட்டளையிடும்" என்ற பொருளில் தேவனிடம் வேண்டியிருந்தார். ரோமில் ஓர் ஆயர் இந்த வரியை எடுத்துச் சொன்னபோது, பிரிட்டானியாவிலிருந்து வந்து அங்கே ஒழுக்கம் போதித்துக்கொண்டிருந்த பெலாகியு என்பவரால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கட்டளையையும் தேவன் கொடுத்து, அதைச் செய்யும் மனதையும் தேவனே கொடுக்கவேண்டும் என்றால், செய்யாதவன் என்ன குற்றவாளி? பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருந்துகொண்டு சோம்பலாக வாழ்ந்தவர்களைப் பார்த்துச் சலித்த ஒருவரின் கேள்வி இது. அதை அலட்சியமாகத் தள்ளிவிடுவது நியாயமில்லை.

ஆனால் அவர் கொடுத்த பதில் திருச்சபைக்கு ஏற்புடையதாக இல்லை. மனிதன் விரும்பினால் பாவமில்லாமல் வாழ முடியும், ஆதாமின் பாவம் மற்றவர்களின் சித்தத்தைப் பழுதாக்கவில்லை, தேவனுடைய கிருபை என்பது பெரும்பாலும் அவர் கொடுத்த இயற்கைத் திறனும் நியாயப்பிரமாணமும் கிறிஸ்துவின் முன்மாதிரியும்தான் என்ற போக்கில் அவருடைய போதனை சென்றது. அகுஸ்தீன் இதற்கு மறுமொழியாக, சித்தம் இருக்கிறது, ஆனால் அது நோயுற்றிருக்கிறது என்றார். விழுந்த மனிதன் விரும்பியதைத்தான் செய்கிறான். சிக்கல் என்னவென்றால், அவன் விரும்புவதே கோணலாகிவிட்டது. ஆகவே கிருபை என்பது வழிகாட்டும் பலகை மட்டுமாக இருந்தால் போதாது. விரும்பும் இடத்திலேயே வந்து குணமாக்கவேண்டும். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றமும் 431-இல் எபேசுப் பொதுச்சங்கமும் பெலாகிய போதனையைத் தள்ளின. 529-இல் ஆரஞ்சு நகரில் கூடிய மன்றம், விசுவாசத்தின் தொடக்கமும் கிருபையினால்தான் என்று உறுதிப்படுத்தியது. அதே மூச்சில், தேவன் யாரையாவது தீமைக்கென்று முன்குறித்தார் என்று சொல்வதையும் கண்டித்தது. அகுஸ்தீனை முழுவதும் பின்பற்றாமலும், பெலாகியுவை முழுவதும் மறுத்தும் மேற்குத் திருச்சபை ஓர் இடத்தில் நின்றது என்று சொல்லலாம்.

எது சுதந்திரம்?

இதற்குப் பின் வந்த வாதங்களில் பாதி, 'சுதந்திரம்' என்ற சொல்லை ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்தியதால் வந்தது. ஒரு பொருள்: அதே சூழலில், அதே மனநிலையில், வேறு விதமாகவும் செய்திருக்கக் கூடிய ஆற்றல். இன்னொரு பொருள்: வெளியிலிருந்து யாரும் வற்புறுத்தாமல், தன் விருப்பப்படி செய்வது. இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். பசித்த தன் குழந்தையின் கையிலிருந்து உணவைப் பறித்துவிடு என்று ஒரு தாயிடம் சொன்னால், 'என்னால் முடியாது' என்பாள். அவள் கை கட்டப்படவில்லை. அவளுடைய அன்பே அவளை அதைச் செய்யவிடாது. முதற்பொருளில் பார்த்தால் அவளுக்கு வேறு வழியில்லை என்று சொல்லவேண்டியிருக்கும். இரண்டாம் பொருளில் பார்த்தால் இதைவிடச் சுதந்திரமான செயல் கிடையாது.

முதற்பொருளே உண்மையான சுதந்திரம் என்று கொள்பவர்கள், தேவன் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டார் என்ற போதனையை மனிதப் பொறுப்புக்கு எதிரானதாகக் காண்பார்கள். இரண்டாம் பொருள் போதும் என்பவர்கள், தேவன் தீர்மானித்ததையே மனிதன் தானாக விரும்பிச் செய்யக்கூடும், ஆகையால் முரண்பாடு இல்லை என்பார்கள். முதற்பொருள்காரர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது: தேவன் பொய் சொல்லமாட்டாதவர், பரலோகத்திலிருக்கும் பரிசுத்தவான்கள் பாவம் செய்யமுடியாதவர்கள் என்று அவர்களும் நம்புகிறார்கள், அப்படியானால் அவர்கள் சுதந்திரமற்றவர்களா? இரண்டாம் பொருள்காரர்களின் சங்கடம் இதைவிடக் கடினமானது: என் விருப்பத்தையே இன்னொருவர் தீர்மானித்துவைத்திருந்தால், அதன்படி நான் செய்ததற்கு என்னைக் குற்றம் சாட்டுவது எப்படி நியாயமாகும்? "அப்படியானால் அவர் இன்னும் குற்றம்பிடிப்பானேன்?" என்ற அந்தக் கேள்வியைப் பவுலே ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 9-ஆம் அதிகாரத்தில் எதிராளியின் வாயில் வைத்துக் கேட்கிறார், குயவனையும் களிமண்ணையும் காட்டிப் பதில் சொல்கிறார். கேட்பவருக்குக் கேட்கும் தகுதி உண்டா என்பதைத்தான் அந்தப் பதில் முதலில் தொடுகிறது. இயங்குமுறையை அது விளக்குவதில்லை.

முன்னறிதல் என்பது தனிக் கேள்வி. தேவன் நாளைக்கு நான் செய்யப்போவதை இன்றே அறிந்திருந்தால், நாளைக்கு நான் வேறு செய்ய முடியுமா? மரண தண்டனைக்குக் காத்திருந்த சிறையில் 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போயத்தியு சொன்ன பதில் இன்றும் பலருக்கு உதவுகிறது. ஒருவர் நடந்துபோவதை நான் பார்த்துக்கொண்டிருப்பதால் அவர் நடப்பதில்லை. காலத்துக்கு வெளியே இருக்கும் தேவனுக்கு முன்னும் பின்னும் கிடையாது. அவர் முன்கூட்டி அறிவதில்லை, எல்லாவற்றையும் நிகழ்காலம்போல் பார்க்கிறார் என்றார் அவர். அறிவை மட்டும் பொறுத்தவரை இது நல்ல பதில். தேவன் பார்வையாளராக மட்டும் இருக்கிறாரா, திட்டமும் போடுகிறாரா என்ற கேள்விக்கு இது போதாது.

அந்த இடைவெளியில் நுழைந்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி லூயிஸ் தெ மொலினா. 1588-இல் வெளியான தம் நூலில், தேவனுக்கு மூன்று வகை அறிவு உண்டு என்று சொல்லி, நடுவில் ஒன்றை வைத்தார்: இன்னின்ன சூழலில் இன்னார் தாமாக என்ன செய்வார் என்ற அறிவு. இதற்கு அவர் வழியினர் காட்டும் வேத ஆதாரம் அழகானது. சவுலுக்குத் தப்பி ஓடும் தாவீது கேகிலா என்ற ஊரில் தங்கியிருக்கிறார். சவுல் இங்கே வருவாரா என்று கேட்கிறார்; வருவான் என்கிறார் கர்த்தர். ஊரார் என்னை ஒப்புக்கொடுப்பார்களா என்று கேட்கிறார். ஒப்புக்கொடுப்பார்கள் என்கிறார் கர்த்தர். தாவீது தம்மோடிருந்த ஏறக்குறைய 600 பேருடன் புறப்பட்டுப் போய்விடுகிறார். அதைக் கேள்விப்பட்ட சவுல் வரவில்லை, ஊரார் ஒப்புக்கொடுக்கவும் இல்லை. நடக்காத ஒன்றை, நடந்திருக்கக் கூடியதை, தேவன் அறிந்திருந்தார். அப்படி அறிந்தவர், யாரையும் கட்டாயப்படுத்தாமலேயே, மனிதர் தாமாகச் செய்பவற்றைக் கொண்டு தம் திட்டத்தை நிறைவேற்றும் சூழலை அமைக்கமுடியும் என்பது மொலினாவின் வாதம். தொமினிக்கத் துறவிகள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள்: அப்படியானால் தேவன் தம் அறிவுக்கு மனிதனைச் சார்ந்திருக்கிறாரா என்று கேட்டார்கள். ரோமில் இதற்கென்று ஆணையம் அமைத்துப் பல ஆண்டுகள் விசாரித்தபின், 1607-இல் ஐந்தாம் பவுல் திருத்தந்தை எந்தத் தீர்ப்பும் சொல்லாமல், ஒருவரையொருவர் கள்ளப்போதகர் என்று சொல்லவேண்டாம் என்ற அளவில் விசாரணையை முடித்துவைத்தார். திருச்சபை வரலாற்றில் எனக்குப் பிடித்த முடிவுகளில் இதுவும் ஒன்று.

சீர்திருத்தச் சபைகளுக்குள்

முன்குறித்தல், அதாவது இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் முன்பே தெரிந்துகொண்டார் என்ற போதனை, என்றாலே 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத் தலைவரான கால்வின் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அகுஸ்தீனும் அக்குவினாஸும் அதை அவருக்கு முன்பே போதித்திருக்கிறார்கள். சீர்திருத்தத் தலைவர்களில்கூட அதைக் கூர்மையாகப் பேசியவர் முதலில் லூத்தர்தான். 1524-இல் எராஸ்மு என்ற அறிஞர் சுயாதீன சித்தத்தை ஆதரித்து எழுத, அடுத்த ஆண்டே லூத்தர் சித்தம் அடிமைப்பட்டிருக்கிறது என்று நீண்ட மறுப்பு எழுதினார். பாப்பரசர், உத்தரிக்கும் ஸ்தலம் போன்ற பக்கக் கதைகளை விட்டுவிட்டு எராஸ்மு ஒருவரே நேராகக் கழுத்தைப் பிடித்தார் என்று எதிராளியைப் பாராட்டவும் செய்தார். கால்வினைப் பொறுத்தவரை, அவருடைய பெருநூலின் 1559-ஆம் ஆண்டுப் பதிப்பில் முன்குறித்தல் எந்த இடத்தில் வருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். அது தொடக்கத்தில் இல்லை. மூன்றாம் பகுதியில், விசுவாசத்தையும் மனந்திரும்புதலையும் நீதிமானாக்கப்படுதலையும் பேசி முடித்து, ஜெபத்தைப் பற்றிய நீண்ட அதிகாரத்துக்கு அடுத்ததாக வருகிறது. விசுவாசி ஒருவர் திரும்பிப் பார்த்து, 'நான் இங்கே வந்தது எப்படி?' என்று கேட்கும்போது கிடைக்கும் பதிலாக அவர் அதை வைத்தார்.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் போதித்த அர்மீனியு (1560–1609) இதில் மாறுபட்டார். அவர் மறைந்த மறு ஆண்டில் அவர் வழியினர் ஐந்து கூறுகள் கொண்ட விண்ணப்பம் ஒன்றை வெளியிட்டார்கள். 1618–1619-இல் டோர்ட் நகரில் கூடிய மன்றம் அதைத் தள்ளி, பதிலுக்குத் தன் தீர்மானங்களை எழுதியது. இங்கே ஒரு பொதுவான தவறைத் திருத்தவேண்டும். மனிதன் தன் முயற்சியால் இரட்சிப்பை அடையலாம் என்று அர்மீனியு வழியினர் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்த விண்ணப்பத்தின் மூன்றாம் கூறே, மனிதனுக்குத் தன்னாலும் தன் சித்தத்தின் ஆற்றலாலும் இரட்சிப்பின் விசுவாசம் வராது என்று சொல்கிறது. இரு தரப்பும் கிருபையில்லாமல் யாரும் வரமுடியாது என்கிறார்கள். பிளவு அடுத்த படியில் இருக்கிறது: அந்தக் கிருபையை மனிதன் கடைசிவரை மறுத்துத் தள்ளமுடியுமா? தேவன் ஒருவரைத் தெரிந்துகொண்டதால் அவர் விசுவாசித்தாரா, விசுவாசிப்பார் என்று முன்னறிந்ததால் தெரிந்துகொண்டாரா? தேவன் எவர்களை முன்னறிந்தாரோ அவர்களை முன்குறித்தார் என்ற ரோமர் 8-ஆம் அதிகார வசனத்தில் 'முன்னறிதல்' என்ற ஒரு சொல்லை எப்படிப் படிப்பது என்பதிலேயே பெரும் பகுதி தொங்கிக்கொண்டிருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி, எல்லா மனிதருக்கும் முந்திவரும் கிருபை ஒன்று உண்டு, அது பழுதான சித்தத்துக்கு மறுமொழி சொல்லும் அளவு விடுதலை கொடுக்கிறது என்று போதித்து, மெதடிஸ்டுகள் வழியாக அதை உலகெங்கும் பரப்பினார். அவருடைய நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டு கால்வின் வழியினர். இருவரும் இதன்பொருட்டு வெளிப்படையாகவே பிரிந்தார்கள். ஆனாலும் 1770-இல் விட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. கத்தோலிக்கத் திருச்சபை 1547-இல் திரெந்துப் பொதுச்சங்கத்தில், ஆதிப் பாவத்தால் சித்தம் பலவீனமானதே தவிர அழிந்துபோகவில்லை என்று வரையறுத்தது. கிழக்கின் ஆர்த்தடாக்ஸ் சபைகள் இந்த மேற்கத்திய வழக்கில் பெரிதாகச் சிக்கிக்கொள்ளவில்லை. தேவனும் மனிதனும் இணைந்து செயல்படுதல் என்று அவர்கள் பேசி, "உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்று மரியாள் சொன்ன சம்மதத்தைச் சுட்டிக்காட்டுவார்கள்.

இப்போது கப்பலுக்குத் திரும்பலாம். கால்வின் வழியினர், பிழைப்பார்கள் என்ற முடிவோடு மாலுமிகள் கப்பலில் இருக்கவேண்டும் என்ற வழியையும் தேவன் சேர்த்தே தீர்மானித்தார், பவுலின் எச்சரிக்கையும் அந்த வழியின் ஒரு பகுதி என்பார்கள். அர்மீனியு வழியினர், வாக்குறுதி நிபந்தனையோடு வந்தது, சேவகர்கள் கேட்காமல் விட்டிருந்தால் வேறு விதமாக முடிந்திருக்கக்கூடும் என்பார்கள். மொலினாவின் வழியினர், பவுல் இப்படி எச்சரித்தால் சேவகர்கள் தாமாகவே கயிற்றை அறுப்பார்கள் என்று அறிந்தே தேவன் பவுலை அங்கே வைத்தார் என்பார்கள். மூவருமே ஓர் இடத்தில் ஒத்துப்போகிறார்கள்: வாக்குறுதியைச் சாக்காக வைத்துப் பவுல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கொரிந்துவில் கர்த்தர் பவுலிடம், இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு என்று சொன்னபோதும் அவர் வாயை மூடிக்கொண்டு உட்காரவில்லை. ஒரு வருடமும் ஆறு மாதமும் அங்கேயே தங்கிப் போதித்தார்.

தீமை என்று வரும்போது

இந்தப் போதனைகள் எல்லாமே துக்கவீட்டு வாசலில் திணறுகின்றன. சித்தம் என்ற ஒரே தமிழ்ச் சொல் இரண்டு வேலை செய்வது இங்கே குழப்பத்தைக் கூட்டுகிறது. கொலை செய்யாதே என்பது தேவனுடைய சித்தம். சிலுவையில் இயேசு கொல்லப்பட்டதும் தேவனுடைய சித்தம் என்கிறோம். முன்னது அவர் கட்டளையாக வெளிப்படுத்தியது, பின்னது அவர் நடக்கவிட்டு நிறைவேற்றியது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல், அகாலத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் 'எல்லாம் தேவ சித்தம்' என்று சொல்பவர், அந்தச் சாவைத் தேவன் விரும்பி ரசித்தார் என்றே கேட்பவர் காதில் போட்டுவிடுகிறார். தேவன் மனப்பூர்வமாய் மனுபுத்திரரைச் சஞ்சலப்படுத்துகிறதில்லை என்று புலம்பல் புத்தகம் சொல்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றி இயேசு பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்கிறார். அந்தக் கோபுரம் ஏன் விழுந்தது என்பதற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்ததன் விலை தீமை என்று சொல்வது மனிதர் செய்யும் கொடுமைக்கு ஓரளவு பொருந்தும், விழும் கோபுரத்துக்குப் பொருந்தாது. பெரிய நன்மைக்காகத் தேவன் அனுமதிக்கிறார் என்பது யோசேப்பின் வாயில் ஆறுதலாக இருக்கிறது. அதைச் சொன்னவர் பாதிக்கப்பட்டவரே, அதுவும் எல்லாம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு. பக்கத்தில் நின்று பார்த்தவர் குழிக்குள் கிடந்த யோசேப்பிடம் அதைச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவேண்டும்.

இந்தப் பொருளை மூல வசனங்களிலிருந்தே படிக்க விரும்புகிறவர்கள் ரோமர் 9-ஆம் அதிகாரத்தைத் தனியாக எடுத்துப் படிக்காமல் இருப்பது நல்லது. "விரும்புகிறவனாலும் அல்ல, ஓடுகிறவனாலும் அல்ல, இரங்குகிற தேவனாலேயாம்" என்ற வசனம் அங்கேதான் இருக்கிறது. குயவனும் களிமண்ணும் அங்கேதான். ஆனால் அந்த அதிகாரம் தொடங்குவது, தம் சொந்த மக்களான இஸ்ரவேலரைக் குறித்துத் தம் இருதயத்தில் இடைவிடாத வேதனை உண்டு என்று பவுல் சொல்வதோடு. அது முடிந்து 10-ஆம் அதிகாரம் தொடங்கும்போது, இஸ்ரவேலர் இரட்சிக்கப்படவேண்டும் என்பதே தம் இருதயத்தின் விருப்பமும் தேவனை நோக்கித் தாம் செய்யும் விண்ணப்பமும் என்கிறார். சில வசனங்கள் தாண்டி, கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிற எவனும் இரட்சிக்கப்படுவான் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே கேட்கிறார்: கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள், பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்? களிமண்ணைப் பற்றி எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது, இடையில் ஒரு பக்கம்கூடத் தாண்டவில்லை.